பன்னிரண்டு கதவும் இருபத்துமூன்று அடுப்பும்

“வீட்டுல இருந்தே பழக்கமில்லாத புள்ள நீ. நீ எப்படி வீட்டுக்குப் பிளான் வரைவ?”

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இப்படிக் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் படம் வரையும் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. நான் இந்தத் தோட்டத்தில்தான் குடியிருக்கிறேன் என்று ஒரு கடிதம் கேட்டிருந்தார்கள். அதை வாங்கத்தான் தோட்டத்து ஆபிசுக்குப் போய் அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். உட்காரச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

கிண்டலாகக் கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவர் கிண்டல் செய்யவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டு, உண்மையான சந்தேகத்தோடு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“லயமும் வீடுதானேங்க ஐயா,” என்றேன்.

“லயம் லயம்தான். வீடுங்கிறது வேற புள்ள,” என்று பேனாவால் ஜன்னலுக்கு வெளியே தன்னுடைய குவாட்டர்ஸைக் காட்டினார். அதில் திரைச்சீலை போட்ட ஜன்னல் இருந்தது. சமைக்கத் தனியாக ஒரு குசினி, அதற்கு ஒரு புகைபோக்கி.

எங்களை லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகளில், குடிவைத்திருக்கும் ஆபிசின் ஆளே அது வீடு இல்லை என்று தன் வாயால் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம் வரவில்லை. கேட்ட எனக்குத்தான் காது சுட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அண்ணன் எட்டாம் வகுப்பில் நின்று கேகாலையில் ஒரு இரும்புக்கடையில் வேலைக்குப் போனவர். அந்தக் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கி வந்தபோது, இந்த ஆளுக்கு ஒரு நாள் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். என்ன பதில் என்று அப்போது தெரியாது.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, அதாவது பன்னிரண்டு அறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு, முன்னால் திண்ணை போல ஓர் இஸ்தோப்பு. வெளியாள் வந்து பார்த்தால் பன்னிரண்டு கதவு தெரியும், பன்னிரண்டு குடும்பம் என்று எண்ணிக்கொண்டு போய்விடுவார். நாங்கள் கதவை வைத்து எண்ணுவதில்லை. அடுப்பை வைத்து எண்ணுவோம். மகனுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களில், ஒரு நல்ல நாள் பார்த்து மாமியார் மூன்று செங்கல் வைத்து மருமகளுக்குத் தனி அடுப்பு மூட்டிக் கொடுப்பார். சண்டை போட்டுக்கொண்டு பிரிவதல்ல அது. அன்றிலிருந்து அது தனிக்குடும்பம், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பதும் அடுப்புக்கு ஒன்று. சாவு வீட்டுக்குச் சோறு ஆக்கி அனுப்புவதும் அடுப்புக்கு ஒரு சட்டி. அந்தக் கணக்கில் எங்கள் லயத்தில் இருபத்துமூன்று குடும்பங்கள்.

இந்த இரண்டாவது அடுப்புகளுக்குத் தோட்டத்தில் அனுமதி இல்லை. காம்பரா, பேர் பதிந்த தொழிலாளிக்குக் கொடுக்கப்படுவது. அதில் இன்னொரு குடும்பம் குடியேறக் கூடாது, பின்பக்கம் தகரம் இழுத்துக் கட்டக் கூடாது. நான் பதினோராம் வகுப்பில் படித்தபோது, அண்ணன் குசினிக்குப் பின்னால் கட்டிய தகரக் கொட்டிலைத் தோட்டத்து வாச்சர்கள் வந்து பிரித்துப் போட்டார்கள். அதற்குள் இருந்த என் புத்தகங்கள் மழையில் நனைந்தன. கணக்குப் புத்தகத்தை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்துத்தான் பரீட்சைக்குப் படித்தேன். இன்றும் அந்தப் புத்தகம் புகை நாறும்.

அதனால் எங்கள் லயத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. கீழே ரோட்டில் ஜீப் தெரிந்தாலோ, காலில் சப்பாத்து போட்ட ஆட்கள் ஏறி வந்தாலோ, முதல் காம்பராவில் இருக்கும் அக்கா, “கோழிய அடைங்கடி” என்று சத்தம் போடுவார். எங்கள் லயத்தில் பாதிப் பேரிடம் கோழியே கிடையாது. அந்தச் சத்தம் கடைசிக் காம்பராவுக்குப் போவதற்குள் இரண்டாவது அடுப்புகள் கலைந்துவிடும். செங்கல் கழிவுநீர் ஓடும் கானுக்குப் போகும், சட்டி கட்டிலுக்கு அடியில் போகும், மருமகள்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் போய்விடுவார்கள். வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு கதவும் பன்னிரண்டு அடுப்பும்தான் தெரியும். சின்ன வயதில் இதை விளையாட்டு என்று நினைத்திருக்கிறேன். செங்கல் தூக்கிக்கொண்டு ஓடுவதில் நான்தான் முதல்.

படிப்பை முடித்து, கேகாலையில் ஒரு பொறியியலாளரின் அலுவலகத்தில் படவரைஞராகச் சேர்ந்தேன். நல்ல மனிதர். சிங்களத்தில் தங்கையை அழைப்பதுபோல என்னை ‘நங்கி’ என்று கூப்பிடுவார். வேலை பழகிய இரண்டாவது வருடம், ஒரு காலையில் அவர் என் மேசையில் ஒரு ஃபைலை வைத்தார். தோட்டத் தொழிலாளர்களுக்கு மாடி வீடு. கீழே ஆறு, மேலே ஆறு. எல்லாம் ஒரே அளவு. ‘டிப்பிக்கல் யூனிட்’ என்று எழுதி ஒரு வீட்டை மட்டும் வரைந்திருந்தார்கள். அதைப் பன்னிரண்டு தடவை பிரதி எடுத்து அடுக்குவது என் வேலை.

தாளின் மூலையில் தோட்டத்தின் பெயரைப் படித்தேன். எங்கள் தோட்டம். எங்கள் லயம்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். பொய் சொல்ல விரும்பவில்லை. பத்து நிமிடம் அந்தச் சந்தோஷத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பயனாளிகள் பட்டியலைப் புரட்டினேன். பன்னிரண்டு பெயர்கள். எங்கள் காம்பராவுக்கு நேரே அம்மாவின் பெயர். அண்ணன் இல்லை, அண்ணி இல்லை, அவர்களுடைய ஒன்றரை வயதுப் பிள்ளை இல்லை. பட்டியலின் கீழே தோட்டத்தின் சார்பில் பெரிய கிளாக்கரின் கையெழுத்து.

அந்த மனிதர் எங்கள் லயத்தில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் வந்தவர். அண்ணன் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயாசம் வாங்கிக் குடித்தவர்.

ஃபைலை எடுத்துக்கொண்டு பொறியியலாளரிடம் போனேன். “சேர், இந்த லயத்துல இருபத்துமூணு குடும்பம் இருக்கு,” என்று சிங்களத்தில் சொன்னேன்.

“லிஸ்டில் பன்னிரண்டுதானே நங்கி?”

“லிஸ்ட் பிழை சேர்.”

“தோட்டம் கையெழுத்துப் போட்டிருக்கு. பிரதேச செயலகத்திலிருந்து ஆள் போய் எண்ணியும் இருக்கு. வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர்களே ஒரு குடும்பம் என்று சொன்னால் நான் என்ன செய்ய?” என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, “ஆட்சேபனை இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம். இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கு. அதற்குப் பிறகு லிஸ்ட் மூடிவிடும்,” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தின் பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா பால் வெட்டு முடிந்து வந்து, ஒட்டுப்பால் படிந்த உடுப்பை வெளியே கொடியில் போட்டுவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார். அந்த உடுப்பு உள்ளே வந்தால் சோறும் நாறும். அண்ணி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். படத்தைப் பாயில் விரித்தேன்.

“நம்ம வீடா இது?” என்று அண்ணி குனிந்து பார்த்தார். “ரெண்டு ரூமா? கக்கூஸ் உள்ளுக்கேயா?”

“ஆமாங்க அண்ணி. ஆனா அம்மா பேர்ல மட்டும்தான். உங்க குடும்பம் கணக்குலேயே இல்ல. எண்ண வந்தப்ப நீங்க எங்க போனீங்க?”

அண்ணி பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். அட்டை கடித்த தழும்புகள் கறுத்திருந்தன.

“காட்டுக்குத்தான். மூணு மணித்தியாலம். மழை வேற. இவனுக்கு அன்னைக்கு ராவே காய்ச்சல்.”

“வீடு குடுக்கத்தானே எண்ணினாங்க? அதுக்கு ஏன் ஒளிஞ்சீங்க?”

“அது எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். “பெரிய கிளாக்கரையா முன்னுக்கு வாறாரு, பின்னாடி ரெண்டு பேரு பேப்பரோட. மொத காம்பராக்காரி கோழிய அடைங்கன்னு கத்துறா. நான் அடுப்பக் கலைக்காம கும்பிட்டுக்கிட்டா நிப்பேன்? எத்தன குடும்பம்னு கேட்டாங்க. ஒண்ணுன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்றது பாப்பா. பொறந்ததுல இருந்து அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கோம்.”

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு முகம் கிடைக்கவில்லை. அம்மாவைக் கோபிக்க முடியுமா? வாழ்நாள் முழுக்க ஒளித்துவைக்கப் பழக்கிவிட்டு, ஒரே ஒரு காலை மட்டும் எல்லாவற்றையும் திறந்து காட்டு என்றால் எந்த மனிதர் காட்டுவார்? மூன்று செங்கல் வைத்ததைக் குற்றமாக்கிய அதே ஆட்களை முன்னால் நடக்கவிட்டு, “எத்தனை குடும்பம்” என்று கேட்க அனுப்பியது யார்? அதை ஒரு கணக்கெடுப்பு என்று பெயர் சொல்லி ஃபைல் போட்டது யார்?

அன்று மாலை ரோட்டில் பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தபடியே பேசினேன்.

“அண்ணன் கல்யாணத்துக்கு வந்தீங்கதானேங்க ஐயா? அப்ப அண்ணி எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா உங்கம்மாதான் ஒண்ணுன்னு சொன்னாங்க. நான் அதத்தான் எழுதினேன். பொய் எழுதலயே.” கொஞ்சம் யோசித்துச் சேர்த்தார்: “உங்க ஆளுங்க எத்தனன்னு உங்க ஆளுங்களே சொல்லாட்டி, நான் ஏன் சொல்லணும்?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்த ஒரே வழியில் யோசித்தேன். என் தொழிலில், ஒரு பழைய கட்டடத்தை மாற்றுவதற்கு முன்னால் அது இப்போது இருக்கிறபடியே அளந்து ஒரு படம் வரைவோம். எங்கள் லயத்தை யாரும் அப்படி வரைந்ததில்லை. கதவு, சுவர், கூரை மட்டுமல்லாமல் ஒவ்வோர் அடுப்பையும், ஒவ்வொரு பாயையும், யார் எங்கே படுக்கிறார்கள் என்பதையும் அளவோடு வரைந்து, ஆட்சேபனையோடு சேர்த்துக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். வாய்ச்சொல்லை மறுக்கலாம். அளந்த படத்தை மறுக்க வேண்டுமென்றால் வந்து பார்க்க வேண்டும்.

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களிடம் சொன்னேன். அங்கே உடனே சத்தம் கிளம்பியது.

“எங்க மானத்தப் படமா வரைஞ்சு கச்சேரி ஆபிசுல மாட்டப்போறியா?” என்றார் முதல் காம்பரா அக்கா. “படிச்ச புள்ளன்னு பாத்தா, காட்டிக் குடுக்கிற புள்ளயா இருக்கியே.”

“காட்டினாத்தான் அக்கா வீடு.”

“காட்டிட்டு வீடும் வராம, இருக்கிற கொட்டிலயும் பிரிச்சுப் போட்டா? நீ கேகாலையில இருப்ப. நாங்க எங்க இருக்கிறது, உன் படத்துக்குள்ளயா?”

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கொட்டிலைப் பிரிக்க மாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அதைத்தான் சொன்னேன். தண்ணீர் வாளி நிறைந்து வழிந்தது.

அண்ணி கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்கள் லயத்துக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு வழிந்த வாளியை நகர்த்தி வைத்துவிட்டு, “என் அடுப்ப மொதல்ல போடு புள்ள,” என்றார். “பிரிச்சாப் பிரிக்கட்டும். நான் இனிமே காட்டுக்குப் போக மாட்டேன். என் புள்ளைக்கு அட்டை கடிச்சது போதும்.”

“ஒம் புருசன் என்ன சொல்லுவாரு?” என்றார் ஒருவர்.

“அவரு சோறு கேப்பாரு. அந்த அடுப்புலதான் ஆக்கிப் போடுவேன்.”

இரண்டு ஞாயிறு, ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை. மூன்று நாளில் லயம் முழுவதையும் அளந்தேன். அண்ணி அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். முதல் நாள் ஐந்து காம்பராக்களில்தான் உள்ளே விட்டார்கள். மூன்றாவது நாள் முதல் காம்பரா அக்காவே வாசலில் நின்று, “என்ன, எங்க வீட்ட மட்டும் விட்டுட்டே போற?” என்று கேட்டார்.

நான் பிறந்து வளர்ந்த லயம். எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நாடாவைப் பிடித்தபோதுதான் தெரிந்தது. நான்காம் காம்பராவில் மூன்று அடுப்பு. நடுவில் ஒரு சேலையைத் தொங்கவிட்டு, கல்யாணமான இரண்டு மகன்களும் இரண்டு பக்கமும் படுக்கிறார்கள். ஏழாம் காம்பராவில் வயதுக்கு வந்த பெண் உடுப்பு மாற்றுவது வெளியே கக்கூசில். ஒன்பதாவதில் முழங்கால் தேய்ந்த கிழவர் ஒருவர் இஸ்தோப்பை விட்டு இறங்கியே ஒரு வருடமாகிறது. பதினோராவதில் இரண்டு பெண்கள் கொழும்புப் பக்கம் கார்மென்ட் வேலைக்குப் போயிருக்கிறார்கள். தீபாவளிக்கு அவர்கள் வரும்போது அப்பாவும் தம்பியும் கோயில் மண்டபத்தில் படுக்கிறார்கள். இதையெல்லாம் நான் தினம் தினம் தாண்டி நடந்திருக்கிறேன். ஒரு தடவையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எனக்கும் பழக்கியிருந்தார்கள்.

இப்போது அந்த ‘டிப்பிக்கல் யூனிட்’டை மறுபடி விரித்துப் பார்த்தேன். டிப்பிக்கல் குடும்பம் என்று ஒன்று எங்கள் லயத்தில் இல்லை. அந்தக் கிழவருக்கு மாடிப்படி கொடுத்திருந்தார்கள். விறகு எரிக்கிறவர்களுக்குப் புகைபோக்கி இல்லாத குசினி கொடுத்திருந்தார்கள். பால் வெட்டுகிறவர் அந்த உடுப்போடும் வாளியோடும் படுக்கையறை வழியாகத்தான் குளிக்கப் போக வேண்டும். இதை வரைந்தவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. யாரிடமும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆட்களிடம் கேட்காமல் எங்களுக்கு வீடு கட்டலாம் என்பது எல்லோருக்கும் அவ்வளவு இயல்பாக இருக்கிறது.

அதனால் இன்னொரு தாளும் வரைந்தேன். சின்ன வீடு, பெரிய வீடு என்று இரண்டு அளவு. ஒவ்வொரு இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் அறை. அதற்கு வெளிக்கதவு தனி, அடுப்பு மேடை தனி. மகனுக்குக் கல்யாணமானால் அந்த அறை இந்தப் பக்கத்து வீட்டோடு சேரும். அவர்கள் வேறிடம் போனால் சுவரில் உள்ள கதவை அடைத்து, அந்தப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம். கீழ்த்தளம் முழுவதும் வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும். பின்வாசலில் உடுப்புக் கழற்ற ஓர் இடம், பக்கத்திலேயே குழாய். பெரிய யோசனை எதுவும் இல்லை இதில். பத்துப் பேரோடு ஒரே அறையில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இரண்டு தாளையும் பொறியியலாளரிடம் காட்டினேன். லயத்தின் படத்தை வெகுநேரம் பார்த்தார். நான்காம் காம்பராவில் விரலை வைத்து, “இது உண்மையான அளவா?” என்று கேட்டார். “ஆமாம் சேர்” என்றேன்.

“இதை ஆபிஸ் பெயரில் கொடுக்க ஏலாது நங்கி. தோட்டம் நம்முடைய வேலையை நிறுத்திவிடும்.”

“என் பேர்ல கொடுக்கிறேன் சேர்.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால், இருபத்துமூன்று குடும்பத்துக் கையெழுத்தோடும் கைநாட்டோடும் பிரதேச செயலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை வரைந்த ஆர்க்கிடெக்ட் யார்? கையெழுத்தைக் காணோமே?” என்று சிங்களத்தில் கேட்டார். ஆர்க்கிடெக்ட் இல்லை, நான்தான் என்றேன். பேனாவை நீட்டினார். பெயருக்குக் கீழே முகவரி என்று இருந்த இடத்தில் கேகாலையில் நான் தங்கியிருக்கும் அறையை எழுதவில்லை. தோட்டத்தின் பெயரையும் லயத்தின் எண்ணையும் காம்பராவின் எண்ணையும் எழுதினேன்.

போன வாரம் பதில் வந்தது. அடுத்த புதன்கிழமை மறுபடி வந்து எண்ணுவார்களாம், தோட்டத்துப் பிரதிநிதியும் கூட வருவாராம். முதல் காம்பரா அக்கா வாய் திறக்காமல் இருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பயம் ஒரு கடிதத்தில் போய்விடாது. கொட்டில்களுக்கு என்ன ஆகும் என்பதும் தெரியாது. அண்ணி மட்டும் அன்றைக்குக் காலையில் சோறு ஆக்க மாட்டாராம். அவர்கள் வந்து நிற்கும்போதுதான் உலை வைப்பாராம்.

நேற்று அலுவலகத்தில் புதன்கிழமைக்கு விடுமுறை கேட்டு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் போடுவது போலச் சுகமில்லை என்று போட்டிருக்கலாம். ‘எங்கள் லயத்தில் குடும்பங்களை எண்ண வருகிறார்கள், நான் அங்கே இருக்க வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பொறியியலாளரின் மேசையில் வைத்துவிட்டேன்.